ஷாலு வீட்டுக் கல்யாணப் பேனா

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சிவக்கும். அம்மா என் காதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். காது சாதாரணமாக இருந்தால், "ஸ்நேகா, கடைக்குப் போயிட்டு வா" என்பாள். சிவந்திருந்தால் அவளே போய்விடுவாள்.

1997-ஆம் வருஷம் துர்காஷ்டமி அன்று மாலை என் காது சிவந்ததைப் போல் அதற்கு முன்னும் சிவந்ததில்லை, பின்னும் சிவந்ததில்லை. எல்லாம் என் அண்ணன் ஹரிஷங்கரால் வந்த வினை.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. திருவனந்தபுரத்தில், கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீடு. எங்கள் வகுப்பில் எல்லோரும் மைப்பேனாவில்தான் எழுத வேண்டும். அதனால் தினமும் யாராவது ஒருவரின் பேனா மக்கர் செய்யும், யாராவது ஒருவரின் சட்டைப் பை நீலமாகும். உடனே என்னிடம் ஓடி வருவார்கள்.

காரணம், என்னிடம் ஒரு தகர டப்பா இருந்தது. அதில் மை ஊற்றும் ஃபில்லர், பழைய பனியன் துணி, அரைத் துண்டு சாக்பீஸ், கத்தரித்த போட்டோ நெகடிவ் எல்லாம் இருக்கும். சிந்திய மையைச் சாக்பீஸ் உறிஞ்சிவிடும். நிப்பின் நடுக் கீறலில் அழுக்கு அடைத்தால் நெகடிவை நுழைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். அந்த டப்பாவை எடுக்காமல் நான் வாசல்படி தாண்ட மாட்டேன். வகுப்பில் அதற்குப் 'பேனா ஆஸ்பத்திரி' என்று பெயர்.

என் பக்கத்தில் உட்காரும் ஷாலு, அஷ்டமிக்கு முதல் நாள் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய கேஸ் கொண்டுவந்தாள். கைக்குட்டையில் சுற்றிய கறுப்புப் பேனா. தங்க நிறக் கிளிப். கழுத்தைத் திருகித் திறந்து, ஃபில்லரால் மை ஊற்ற வேண்டிய பழைய மாதிரி.

"எங்க வீட்டுல யாருக்குக் கல்யாணம்னாலும் சர்ச் ரிஜிஸ்தர்ல இந்தப் பேனாலதான் ஒப்பு போடணும். எங்க அப்பாவும் அம்மாவும் இதுலதான் போட்டாவ. மாமாவுக்கும் இதுதான்" என்றாள் ஷாலு.

"இப்ப யாருக்குக் கல்யாணம்?"

"ரத்னாபாய் சித்திக்கு. நவமி அன்னைக்குப் பத்தரைக்கு. நீயும் வரணும், கேட்டியா. ஆனா பேனா நாலு வருஷமா அலமாரில கிடந்து மை காஞ்சு போச்சு. ஒரு கோடுகூட விழல. அம்மா உன்கிட்ட குடுக்கச் சொன்னாவ."

ஷாலுவின் அம்மா ஜெயஷீலா ஆன்ட்டியே என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்! பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோய், கழற்றி, தண்ணீரில் ஊறப்போட்டேன். தண்ணீர் நீலமாக நீலமாக மாற்றிக்கொண்டே இருந்தேன். மறுநாள் மத்தியானம்தான் தண்ணீர் தெளிவாக நின்றது. பாகங்களைத் துடைத்து மாட்டி, மூடியைத் தனியாக வைத்து, ஜன்னலருகில் பனியன் துணி விரித்துக் காயப்போட்டேன்.

அன்றைக்குத்தான் பூஜை வைப்பு. எங்கள் ஊரில் துர்காஷ்டமி மாலையில் புத்தகம், பேனா எல்லாவற்றையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில் பூஜை எடுப்பு. அதுவரை ஒருவரும் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, வைத்ததைத் தொடவும் கூடாது. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பண்டிகை வேறு இல்லை.

அம்மாவும் நானும் பூ வாங்கச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். ஒரே கூட்டம். வீட்டுக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. நல்ல நேரம் தப்பக் கூடாது என்று அப்பா இருந்த பூவை வைத்துப் பூஜையை முடித்திருந்தார்.

"நீ வரலையேன்னு எல்லாத்தையும் நானே எடுத்து வெச்சுட்டேன். பென்சில்கூட விடலை" என்றான் ஹரி பெருமையாக.

நான் பூஜை அறையை எட்டிப் பார்த்தேன். அடுக்கிய புத்தகங்களின் மேல் பட்டுத்துணி. அதன் மேல் பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில் என் பச்சைப் பேனா, ஹரியின் பேனா, எங்கள் மைக்குப்பிகள். நடுவில், தங்க நிறக் கிளிப்புடன், ஷாலு வீட்டுக் கறுப்புப் பேனா!

அது மட்டுமா? எல்லாப் பேனாவும் மூடி இல்லாமல் கிடந்தது. ஒவ்வொரு நிப்பின் மேலும் கெட்டியாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

என் இரண்டு காதும் தகதகவென்று எரிந்தன.

"ஹரி! நிப்புல யாருடா சந்தனம் வெச்சா?"

கோபம் இல்லாதபோது அவன் எனக்கு 'அண்ணா'. மற்ற நேரத்தில் 'ஹரி'.

"நான்தான். எழுதற இடத்துலதானே சரஸ்வதி இருப்பா? கிளிப்புல வெச்சா என்ன பிரயோஜனம்?"

"அந்தக் கறுப்புப் பேனா நம்மாத்துதே இல்லை! ஷாலுவோடது! நாளைக்குக் காலம்பற அவ சித்திக்குக் கல்யாணம்!"

ஹரியின் முகம் சுருங்கியது. "ஜன்னல்ல கிடந்துது. நான் என்ன கண்டேன்?"

"கேட்டா வாய் தேஞ்சு போயிடுமா?"

நான் போட்ட சத்தத்தில் அப்பா வந்துவிட்டார். அப்பா பெயர் அனந்தபத்மநாபன். தம்பானூர் ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் சத்தமே போட மாட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"தப்புதான். ஆனா பூஜைல வெச்சாச்சே" என்றார் மெதுவாக. "எடுப்பு ஆகற வரைக்கும் தொடப்படாது. நம்மாத்துல ஒருநாளும் யாரும் தொட்டதில்லை, கேட்டயா."

"அப்போ ஷாலு என்ன பண்ணுவா?"

"வேற நல்ல பேனா ஒண்ணு குடுத்தா ஆகாதா?" என்றாள் அம்மா.

"வேற பேனா ஆகாது! அதுதான் அவாத்துக் கல்யாணப் பேனாவாக்கும்!"

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். அதற்கு அர்த்தம், பேச்சு முடிந்தது. கோபத்தில் அன்று நான் ஒன்றுமே சாப்பிடவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அன்றைக்குக் கடலைச் சுண்டல். கோபத்தோடு இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

இரண்டாவது கிண்ணத்தின் நடுவில் ஷாலு வந்து நின்றாள். தலையில் கல்யாணத்துக்கு வாங்கிய புது ரிப்பன்.

"பேனா சரியாச்சா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் காது சிவக்காது. மூக்குதான் விடைக்கும்.

"உங்க சாமி எங்க பேனாவ என்னத்துக்கு எடுத்துது?"

"சாமி எடுக்கலைடீ. எங்க ஹரி எடுத்தான்."

"யாரு எடுத்தா என்ன? சித்தி இன்னைக்குப் பூரா கேட்டுட்டே இருக்காவ, பேனா வந்துதா, வந்துதான்னு. நான் போய் என்ன சொல்ல?" அவள் குரல் உடைந்தது. அதை மறைக்க இன்னும் சத்தமாகக் கத்தினாள். "நாளைக்கு எட்டரைக்கு வருவேன். பேனா கையில இல்லேன்னா இனி உன்கிட்ட மிண்டவே மாட்டேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்! பெஞ்சும் மாறிருவேன்!"

அவள் போய்விட்டாள். எனக்கு ஹரி மேல் கோபம், அப்பா மேல் கோபம், ஷாலு மேலும் கோபம். பேனாவைப் பத்திரமாக டப்பாவில் வைக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போன என் மேல்தான் எல்லாவற்றையும்விடக் கோபம்.

மறுநாள் காலை எட்டு மணி. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். நான் பட்டுப்பாவாடை கட்டி, கையில் தகர டப்பாவோடு பூஜை அறை வாசலில் நின்றேன்.

கறுப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினால் ஒரு நிமிஷ வேலை.

கையை நீட்டினேன். அப்புறம் இழுத்துக்கொண்டேன். கேட்காமல் எடுப்பது ஹரியின் வேலை. அதற்காகத்தான் நேற்றிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் அதையே செய்தால் அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவனைத் திட்டும் உரிமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்பா வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தார். நவமி என்றாலும் ரயிலுக்கு லீவு கிடையாது. வெள்ளைச் சட்டை, விபூதி, கையில் குடை. சட்டைப் பையில்...

என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

சட்டைப் பையில் அப்பாவின் நீலப் பேனா. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். சட்டை போடாமல் கோயிலுக்குப் போகும்போதுகூட அப்பா அதை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்வார். அதனாலேயே எங்கள் யாருக்கும் அது கண்ணில் படுவதில்லை.

"அப்பா, உங்க பாக்கெட்ல என்ன?"

"என்னது? பேனா."

"அதை ஏன் பூஜைல வைக்கலை?"

அப்பா கொஞ்சம் விழித்தார். "இது டியூட்டி பேனா இல்லையா? வண்டி எத்தனை மணி லேட்டுன்னு ரிஜிஸ்தர்ல எழுதணுமே. இன்னிக்கு வேலைக்கு வேணும்."

"ஷாலு சித்திக்கும் இன்னிக்குத்தான் வேணும். அவாளும் ரிஜிஸ்தர்லதான் எழுதணும்."

அப்பா பேனாவைக் கையால் பொத்திக்கொண்டார். நான் நிறுத்தவில்லை.

"உங்க பேனா உங்களுக்கு வேணும்னு வைக்கலை. அவா பேனா அவாளுக்கு வேணும். அதை அவாளைக் கேக்காமலே வெச்சுட்டோம். இது என்ன நியாயம்ப்பா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள். ஹரி தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்பாவின் காது சிவந்தது. எனக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

அடி விழும் என்று நினைத்தேன். அப்பா குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார்.

"நீ சொல்றது சரி. இது இங்க இருக்கட்டும். அது போகட்டும்."

"ஸ்டேஷன்ல நீங்க எதால எழுதுவேள்?" என்றாள் அம்மா.

"கவுண்டர்ல கயத்துல கட்டின பால்பாயின்ட் ஒண்ணு தொங்கறது." அதைச் சொல்லும்போதே கஷாயம் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார் அப்பா.

அவர் சாமி முன்னால் நின்று கைகூப்பினார். பிறகு தாம்பாளத்திலிருந்து கறுப்புப் பேனாவையும் அதன் மூடியையும் எடுத்தார். அதே நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். ஷாலு நின்றாள். மூக்கு விடைத்தபடிதான் இருந்தது.

"வா குழந்தே. உன்னைக் கேக்காம இதை வெச்சுட்டோம். தப்பு எங்களோடது" என்று அப்பா அவளிடமே நீட்டினார்.

ஷாலு அதை வாங்கினாள். நிப்பைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"இது எப்படி எழுதும்?" என்று அழுதேவிட்டாள்.

"இங்க குடு!" என்று பேனாவைப் பிடுங்கினேன். அழுவதற்கெல்லாம் அப்போது நேரமில்லை.

எனக்கு வெந்நீர் வேண்டும். ஹரியோடுதான் பேசுவதில்லையே! அதனால் டம்ளரை மட்டும் அவன் பக்கம் நீட்டினேன். அவன் ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தான். நிப்பை முக்கினேன். ஃபில்லரால் தண்ணீரைப் பீய்ச்சினேன். சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நடுக் கீறலில் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நெகடிவை நுழைத்து ஓர் இழுப்பு. இன்னொரு இழுப்பு. சந்தனம் மஞ்சளாக வெளியே வந்தது.

"மை?" என்றாள் ஷாலு.

எல்லோரும் பூஜை அறையைப் பார்த்தோம். மைக்குப்பிகள் தாம்பாளத்தில் இருந்தன. ஒன்றையும் மீதி வைக்காமல் எடுத்து வைத்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது.

"அப்பா, உங்க பேனாவை மையோட வெச்சா நாளைக்குள்ள காய ஆரம்பிச்சுடும். காலி பண்ணி வெச்சாத்தான் நல்லது. இன்னும் நீங்க அதை வைக்கலையே?"

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நீலப் பேனாவைத் திருகித் திறந்து கொடுத்தார். உள்ளே பாதிக்கு மேல் ப்ளூ-பிளாக் மை. ரிஜிஸ்தருக்கு அதுதான் சரியான மை. தண்ணீர் பட்டாலும் லேசில் அழியாது. ஃபில்லரால் உறிஞ்சி, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கறுப்புப் பேனாவில் ஊற்றினேன். காலியான நீலப் பேனாவைக் கழுவித் துடைத்ததும், அப்பா அதைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"பொட்டு கிளிப்புல மட்டும்!" என்று பொதுவாகச் சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியும்.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அப்பா எங்களை ஆட்டோவில் சர்ச்சில் இறக்கிவிட்டார். வழியெல்லாம் ஷாலு பேனாவை மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்யாணம் முடியும் வரையிலும் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் போதகர் பெரிய ரிஜிஸ்தரைத் திறந்தார். மாப்பிள்ளை தன் பையிலிருந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ரத்னாபாய் சித்தி போடவில்லை.

"எங்க பேனா எங்க மக்களே?" என்று ஷாலுவைத் தேடினார். அவர்கள் வீட்டில் பிள்ளைகளை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஷாலு ஓடிப்போய்க் கொடுத்தாள். சித்தி குனிந்து நிப்பைத் தாளில் வைத்தார். இழுத்தார்.

ஒன்றும் விழவில்லை.

மறுபடியும் இழுத்தார். வெறும் கீறல். ஜெயஷீலா ஆன்ட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். பேனாவில் மை வராவிட்டால் எல்லோரும் என்ன செய்வார்களோ, அதைச் செய்யச் சித்தி கையை ஓங்கினார். உடம்பில் வெள்ளைப் பட்டுப்புடவை. பேனாவுக்குள் பாதிக்கு மேல் ப்ளூ-பிளாக்!

"உதறாதீங்கோ!"

என் கோபக் குரல் சர்ச் முழுக்க எதிரொலித்தது. சித்தியின் கை அந்தரத்தில் நின்றது. போதகரின் கண்ணாடி மூக்கில் இறங்கியது. நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் டப்பாவோடு முன்னால் ஓடினேன்.

"இத்தனை நேரம் நிமிர்த்திப் பிடிச்சிருந்தா மை எப்படி இறங்கும்?" என்று ஷாலுவிடம் முணுமுணுத்துவிட்டு, பேனாவை வாங்கினேன். நிப்பு கீழே இருக்கும்படி பிடித்து, பனியன் துணியில் மெதுவாக ஒற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்து எண்ணும்போது துணியில் ஒரு பொட்டு நீலம் பூத்தது.

"இப்ப எழுதுங்கோ சித்தி."

சித்தி எழுதினார். 'ரத்னாபாய்' என்ற பெயர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, எங்கும் விட்டுப்போகாமல், கறுநீலமாகப் பளபளத்தது. ஈரம் கலையாமல் இருக்க நான் சாக்பீஸை அதன் மேல் லேசாக உருட்டினேன்.

சித்தி பேனாவை மூக்கருகே கொண்டுபோனார். "இதென்ன மக்களே, பேனால சந்தன மணம் அடிக்குது?"

நானும் ஷாலுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அது... கல்யாணப் பேனா இல்லியா சித்தி, அதான்" என்றாள் ஷாலு. வெளியே வந்ததும் என் காதைத் தொட்டுப் பார்த்தாள். "சூடு போயிட்டு. வா, கேக் வாங்கப் போவோம். இனி பெஞ்சு மாறமாட்டேன்."

மாலையில் வீட்டுக்கு வந்தபோது ஹரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து அங்கேதான் நிற்கிறானாம். அம்மா சொன்னாள்.

"எழுதிச்சா?" என்று கேட்டான் பயந்தபடி.

உண்மையைச் சொன்னால், என் கோபம் கேக்கோடு கரைந்து போயிருந்தது. ஆனால் அதை இவனிடம் உடனே சொல்ல வேண்டிய அவசியம் இல்லையே! தாளில் பொதிந்து கொண்டுவந்த கேக் துண்டை அவன் கையில் வைத்துவிட்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"நன்னா எழுதித்து. ஆனா பூஜை எடுப்பு ஆகற வரைக்கும் நான் உன்கிட்ட பேசறதா இல்லை அண்ணா, தெரிஞ்சுக்கோ!"

அவன் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு கண்ணைச் சிமிட்டிச் சிரித்தான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது, நான் பேசியும்விட்டேன், அண்ணா என்றும் சொல்லிவிட்டேன்.